இறங்கிய பிறகு கிளம்பிய விமானம்

"வியன்னாவுலேருந்து விமானம் கிளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலயே உங்க தங்கச்சி லிஸ்பன்ல இறங்கிட்டா."

இதைச் சொல்லிவிட்டு ஷோபனா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். துப்பறியும் தொழிலில் இப்படி ஒரு வாக்கியம் வருஷத்துக்கு ஒருமுறை வாய்த்தாலே பெரிய விஷயம். வாய்த்ததைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியுமா? எதிரே இருந்தவனின் முகம் மாறுவதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆசைக்கு இன்னும் பத்து நிமிஷத்தில் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள்.

எதிரே இருந்தவன் பரசுராமன். திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கரும்பும் மாந்தோப்புமாக நிலம் வைத்திருக்கிறவன். வயது முப்பத்தைந்து இருக்கும். நாலு நாளுக்கு முன்னால் இந்த அலுவலகத்துக்கு, அதாவது மலை அடிவாரத்தில் ஒரு பூக்கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைக்கு, படியேறி வந்தான். தங்கை கயல்விழி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது என்று சொல்லிவிட்டு ஆடி பிறக்கும் முன்பே போனாள். அன்றிலிருந்து வெறும் மெசேஜ்தான். அழைத்தால் எடுப்பதில்லை. வாரத்துக்கு ஓர் ஊர் மாறுகிறாள். "யார் கையிலயாவது மாட்டிக்கினு இருக்காளோன்னு பயமா இருக்கு மேடம்" என்று கண்கலங்கிச் சொன்னான். ஷோபனா உருகிப்போய் வேலையை எடுத்துக்கொண்டாள்.

"எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டான் பரசுராமன்.

"நேத்து வந்த மெசேஜைப் படிங்க."

அவன் தன் போனைப் பார்த்துப் படித்தான். "'ஒண்ணு நாப்பதுக்கு வியன்னாவில் ஃப்ளைட் ஏறினேன். அஞ்சு ஒண்ணுக்கு லிஸ்பனில் இறங்கிட்டேன். நல்லா இருக்கேன்.'"

"அது உங்களுக்கு வந்தது எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் அஞ்சு அஞ்சு."

"நம்ம ஊர்ல அஞ்சு அஞ்சுன்னா வியன்னாவுல மத்தியானம் ஒண்ணு முப்பத்தஞ்சு. அவங்க கடிகாரம் நமக்கு மூணரை மணி நேரம் பின்னால ஓடுது. ஒண்ணு நாப்பது விமானம் அப்ப தரையை விட்டே கிளம்பலை. அதுக்குள்ள இறங்கிட்டேன்னு தகவல் வந்தாச்சு."

"நானும் மினி பஸ்ல பதினஞ்சு வருஷம் கண்டக்டரா இருந்தேன் சார்" என்றான் ஓரத்தில் நின்றிருந்த தேசப்பன். "எவ்ளோ கூட்டமா இருந்தாலும் ஏர்றதுக்கு முன்னாடி யாரையும் எறக்கி வுட்டதில்ல."

தேசப்பன் ஷோபனாவின் உதவியாளன். அவளைவிட நாலு வயது மூத்தவன். வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னால் அவனுக்கு மூச்சு முட்டும்.

ஷோபனா தன் போனைத் திருப்பிக் காட்டினாள். "இது ரெண்டு ஊர் பேரைத் தட்டினா தூரமும் விமான நேரமும் சொல்ற பக்கம். வியன்னாவுக்கும் லிஸ்பனுக்கும் ரெண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். விமானத்துல மூணு மணி இருபத்தொரு நிமிஷம். ஒண்ணு நாப்பதோட அதைக் கூட்டுங்க."

பரசுராமன் கூட்டினான். "அஞ்சு ஒண்ணு."

"ஒரு நிமிஷம்கூடப் பிசகலை பாருங்க. நிஜ விமானம் ஓடுபாதையில வரிசையில நிக்கும், ஊர் மேல வட்டம் அடிக்கும். நூல் பிடிச்ச மாதிரி பறக்கற விமானம் இந்தப் பக்கத்துல மட்டும்தான் இருக்கு. முன்னால வந்த ரெண்டு மெசேஜும் இதே கதைதான். பிராக்லேருந்து வார்சா, வார்சாவுலேருந்து வியன்னா, ரெண்டுமே இந்தப் பக்கத்துக் கணக்கு. உங்க தங்கச்சி ஐரோப்பாவுக்கே போகலை சார். அவ போனை வச்சிக்கிட்டு யாரோ இங்கேருந்து தட்டிக்கிட்டு இருக்காங்க."

இந்த இடத்தில் ஓர் அண்ணன் பதற வேண்டும். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வேண்டும். பரசுராமன் சிரித்தான். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை, உதடு மட்டும் ஒரு பக்கம் கோணியது.

"அப்ப இங்கதான் இருக்கா."

"சார், போன் வேற யார் கையிலயோ இருக்குன்னா அவ ஆபத்துல இருக்கலாம்..."

"அதை நாங்க பாத்துக்கறோம்" என்று எழுந்துவிட்டான். ஆபத்து என்ற சொல்லுக்கு அவன் கண் இமைக்கக்கூட இல்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டதும் ஷோபனா தேசப்பன் பக்கம் திரும்பினாள். கண்ணால் ஜாடை காட்டினாள். தேசப்பன் அவன் பின்னாலேயே இறங்கினான்.

திரும்பி வந்தபோது தேசப்பனின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"கீழ நின்னு போன் பேசினான் மேடம். தெலுங்குல பேசினா எனக்குப் புரியாதுன்னு நெனச்சிகினான். எங்க அத்தை வூடு ஆந்திராவுல நகரி, அது அவனுக்கு எங்க தெரியும்?"

"என்ன பேசினான்?"

"யாரோ பாவாவாம், மச்சான் மொற. 'அது இங்கதான் இருக்குது பாவா, அந்த விஜயனும் கூடத்தான் இருப்பான். வண்டிய எடுத்துகினு தேடுங்க. கெடச்சா ரெண்டு பேரையும் அங்கயே முடிச்சிடுங்க, என்னைக் கேக்க வேணாம்'னான். யாரு விஜயன்னு பாத்தா, இவங்க நெலத்துல களை எடுக்கற அம்மாவோட புள்ளையாம். அதைச் சொல்லும்போது காரித் துப்பினான் மேடம்."

ஷோபனாவுக்கு இப்போதுதான் விளங்கியது. ஓடி ஒளிந்திருக்கிற ஒரு பெண்ணை ஐரோப்பாவில் இருப்பதாக ஊரையே நம்ப வைத்து யாரோ காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதை ஒரே மத்தியானத்தில் கணக்குப் போட்டு உடைத்து, வெட்டுகிறவன் கையிலேயே எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. போதாக்குறைக்கு அந்தக் கணக்கை ரசித்து வேறு சொன்னாளே! தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவரை அழைத்தாள். அவர் நல்ல மனிதர். "பொண்ணை என்கிட்ட கூட்டிட்டு வாங்கம்மா, பாதுகாப்பு நான் தர்றேன். எங்க இருக்குது?" என்றார். அதுதானே தெரியவில்லை.

"மெசேஜ் அனுப்பறது யாருன்னு அவனுக்கு முன்னால நாம கண்டுபிடிக்கணும்" என்றாள் ஷோபனா. "கயல்விழி இல்லை. வெளிநாட்டுக்காரங்களோட தினமும் பேசி வேலை பார்த்தவ, நேர வித்தியாசத்துல தப்புப் பண்ண மாட்டா. இது மூணாவது ஆள். வண்டியை எடு, அவ சென்னையில தங்கியிருந்த இடத்துலேருந்து ஆரம்பிப்போம்."

தேசப்பன் அசையவில்லை. "மணி ரெண்டே முக்கால் மேடம்."

"அதனால?"

"வியாழக்கிழமை. ஒன்றரைலேருந்து மூணு ராகு காலம். மூணு பத்துக்குக் கெளம்பலாம்."

"ரெண்டு உயிர் போகப் போகுது, நீ ராகு காலம் பார்க்கிறியா? அதுவும் மூணு மணிக்கே முடியுதே, பத்து நிமிஷம் எதுக்கு?"

"முடிஞ்சவொடனே ஓடக்கூடாது மேடம். ராகு அப்பத்தான் வாசல்ல செருப்பு மாட்டிகினு இருப்பாரு, அவர் மேலயே போய் இடிச்சிக்கவா? எங்க பக்கத்துல எல்லா வூட்லயும் பத்து நிமிஷம் வுட்டுத்தான் கெளம்புவாங்க."

திட்டுவதற்காக வாயைத் திறந்த ஷோபனா அப்படியே நின்றாள். பிறகு போனை எடுத்து, பரசுராமன் அனுப்பிவைத்திருந்த மூன்று மெசேஜ்களையும் மேலே தள்ளிப் பார்த்தாள்.

"சனிக்கிழமைக்கு எப்ப ராகு காலம்?"

"ஒம்போதுலேருந்து பத்தரை."

"சனிக்கிழமை பிராக்ல விமானம் ஏறினது பத்து நாப்பது. வெள்ளிக்கிழமை?"

"பத்தரை டு பன்னெண்டு."

"அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வார்சா. பன்னெண்டு பத்து. புதன்?"

"பன்னெண்டு டு ஒன்றரை." தேசப்பனுக்கும் இப்போது பொறி தட்டியது. "நேத்து வியன்னா ஒண்ணு நாப்பது. ஐரோப்பாவுல இவ்ளோ பக்தியாவா ஃப்ளைட்டு ஓட்றாங்க?"

"ஓட்டலை. இங்க யாரோ காலண்டரைப் பார்த்து ஏத்தி விட்டிருக்காங்க. யோசிச்சுப் பாரு தேசப்பன். பொய் சொல்றவன் வாய்க்கு வந்த நேரத்தைப் போடுவான். போகாத பயணத்துக்கு எவன் நல்ல நேரம் பார்ப்பான்? பொய்யாகூட அந்தப் பொண்ணை ராகு காலத்துல அனுப்ப மனசு வராத ஆள் யாரு?"

தேசப்பன் மெதுவாகச் சொன்னான். "பெத்தவங்க."

முதல் நாள் பரசுராமன் போகிற போக்கில் சொன்னது ஷோபனாவுக்கு நினைவு வந்தது. அம்மா புஷ்பலதா தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மலைக்குப் போய்விடுகிறதாம், மகள் நல்லபடியாகத் திரும்ப விளக்குப் போடுகிறதாம், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புகிறதாம். நேற்று ஐந்து ஐந்துக்கும் அந்த அம்மா மலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

"அவனும் அதே வீட்டுல வளர்ந்தவன்" என்றாள். "இத்தனை நாள் நம்பிப் படிச்சான், அதனால நேரம் கண்ணுல படலை. இப்ப அது பொய்னு நானே சொல்லிக் குடுத்துட்டேன். இன்னொரு தடவை படிச்சான்னா நமக்குத் தெரிஞ்சது அவனுக்கும் தெரிஞ்சுடும்."

தேசப்பன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தான்.

"ராகு?" என்றாள் ஷோபனா.

"அவருக்கும் ஒரு டிக்கெட் போட்டுக்கலாம். ஏறுங்க மேடம்."

மலைப்பாதையில் தேசப்பன் வண்டியை விரட்டினான். ஆடிக் கூட்டம் முழுதாகக் குறையவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பங்கள் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தன. ஹாரனை அடித்து அடித்து, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு மேலே போய்ச் சேர்ந்தார்கள். கோயில் மண்டபத்தில் பெண்கள் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதில் யார் என்று தேட? ஷோபனா அந்த அம்மாவைப் பார்த்தது கூட இல்லை.

தூண் ஓரமாக நின்றுகொண்டு கயல்விழியின் எண்ணை அழைத்தாள்.

மணி அடிக்கும் சத்தம் எங்கும் கேட்கவில்லை. ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சைப் புடவை அம்மா ஒருத்தி திடுக்கிட்டு மடியிலிருந்த மஞ்சள் பையை இறுக்கிக்கொண்டாள். ஷோபனா அழைப்பைத் துண்டித்தாள். அந்த அம்மாவின் கை தளர்ந்தது. மறுபடி அழைத்தாள். கை மறுபடி இறுகியது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்கதான் புஷ்பலதாம்மாவா?"

"ஆங். நீ யாரு?"

"கயல்விழி லிஸ்பன்ல இல்லைன்னு தெரிஞ்சவ. பயப்படாதீங்க, நான் உங்க பக்கம்தான். ஆனா உங்க பையனுக்கும் தெரிஞ்சுபோச்சு."

புஷ்பலதா பையை மறுபடி இறுக்கினாள். "அவனுக்கு எப்டிம்மா தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஷோபனா சொல்லவில்லை. "நான்தான் சொன்னேன். தங்கச்சியைக் காப்பாத்தத்தான் தேடறான்னு நெனச்சேன்."

அந்த அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கரும்பு வெட்டிப் பழகிய கைப்பிடி, வலித்தது. "படிச்சவதானே நீ? எதுக்குத் தேடறான், இன்னாத்துக்குக் கேக்கறான்னு விசாரிக்க மாட்டியா? கேட்டவுடனே எடுத்துக் குடுத்துடுவியா? பத்து மாசம் சொமந்தவ இங்க தெனம் செத்துப் பொழச்சிகினு இருக்கேன்!"

ஷோபனாவுக்குக் கையை விடுவித்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நாளைக்கு ரயில் ஏறிடுவாங்க" என்றாள் புஷ்பலதா. "விஜயனுக்கு வடக்க வேலைக்கு ஆர்டர் வந்துட்டுது. கல்யாணத்தைப் பதிஞ்சாச்சு. எங்க இருக்காங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்கன்னு நானே சொல்லிட்டேன். தெரிஞ்சா இவன் என்னை அடிச்சே வாங்கிடுவான். ஆனா அவளோட புது நம்பரு, இந்தப் பையில இருக்கற அவ பழைய போன்ல இருக்குது."

"எதுக்கும்மா இத்தனை ஊரு மாத்துனீங்க?" என்று கேட்டான் தேசப்பன்.

"நானா மாத்தினேன்? பிராக்ல இருக்கான்னு போட்டேன். இவன், அங்க எனக்குத் தெரிஞ்சவன் இருக்கான், போய்ப் பாக்கச் சொல்றேன்னான். என் பொண்ண வார்சாவுக்கு ஏத்தி வுட்டேன். அங்கயும் ஆள் புடிச்சான். வியன்னாவுக்கு அனுப்பினேன். அங்கயும் ஆள் இருக்குன்னான். எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம் ஆவும்னு போன்லயே பாத்துப் பாத்துத்தான் அனுப்பினேன். மணி மாறும்னு எனக்கு இன்னா தெரியும்? அமெரிக்காவுக்குத்தான் மாறும்னு நெனச்சிகினு இருந்தேன்."

அப்போது அவளுடைய சொந்தப் போன் அடித்தது. திரையில் மகனின் பெயர். ஷோபனா தலையசைத்தாள். புஷ்பலதா எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"மலையிலதான்பா."

"அங்கயே இரு. வந்துகினு இருக்கேன். உன்ன ஒரு விஷயம் கேக்கணும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டான். காலண்டரில் ராகு காலத்தைப் பார்த்துவிட்டான் என்று ஷோபனாவுக்கும் தேசப்பனுக்கும் புரிந்தது.

"ஓடிடலாமா மேடம்?" என்றான் தேசப்பன்.

"ஓடினா சந்தேகம் உறுதியாயிடும். அப்புறம் இவங்களை விட மாட்டான்." ஷோபனா தன் போனில் விரலை வேகமாக ஓட்டினாள். "கயல்விழியை மறுபடி ஐரோப்பாவுக்கு அனுப்பணும். அவன் நம்பற மாதிரி. இப்ப லிஸ்பன்ல காலை பத்தே முக்கால். இன்னைக்கு நிஜமாவே கிளம்பப் போற ஒரு விமானம் வேணும். தூரத்துல, அவனுக்கு ஆள் இல்லாத ஊரா இருக்கணும்."

"ஹெல்சின்கின்னு ஒண்ணு பாத்து வச்சிருந்தேன்" என்றாள் புஷ்பலதா. "மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. அவ்ளோ தூரம் எதுக்குன்னு வுட்டுட்டேன்."

"அதான் சரி. ஆனா இந்தத் தடவை நேர்கோடு வேண்டாம். வழியில ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி மாறட்டும். நான் சொல்லச் சொல்ல நீங்க எப்பவும் எழுதற மாதிரியே தட்டுங்க."

மஞ்சள் பையிலிருந்து மகளின் போன் வெளியே வந்தது. புஷ்பலதா தட்டினாள். 'லிஸ்பனில் வேலை முடிஞ்சுது. ஹெல்சின்கி போறேன். நேர் ஃப்ளைட் கிடைக்கலை. ஃப்ராங்க்ஃபர்ட்டில் மாறணும். ராத்திரிதான் போய்ச் சேருவேன்.' அது வரைக்கும் விரல் ஓடியது.

"அடுத்து, 'இங்கேருந்து ஒண்ணே முக்காலுக்கு ஃப்ளைட்'னு தட்டுங்க" என்றாள் ஷோபனா.

விரல் நின்றது. "இன்னைக்கு வியாழக்கிழமை."

"தெரியும்மா."

"ஒன்றரைலேருந்து மூணு. வேற நேரம் சொல்லும்மா."

"அதுக்காகத்தான் இந்த விமானம். இதுக்கு முன்னால நீங்க அனுப்பின மூணும் ராகு காலம் முடிஞ்சு பத்து நிமிஷத்துல கிளம்பியிருக்கு. அதை வச்சுத்தான் நான் உங்களைக் கண்டுபிடிச்சேன். அவனும் அதை வச்சுத்தான் வந்துக்கிட்டு இருக்கான். இதுவும் நல்ல நேரத்துல கிளம்பினா நீங்கதான்னு முடிவு பண்ணிடுவான்."

"லிஸ்பன்ல ராகு எத்தினி மணிக்கு வருவாரோ, யாரு கண்டா?" என்றான் தேசப்பன் சமாதானமாக.

புஷ்பலதா காதில் வாங்கவில்லை. "அவ பொறந்ததுலேருந்து ராகு காலத்துல வாசப்படி தாண்ட வுட்டதில்ல. பரீட்சைக்குப் போறப்பகூட முன்னாடியே கூட்டிகினு போய் ஸ்கூல் வாசல்ல நிப்பேன். வூட்டை வுட்டு ஓடினாளே, அன்னைக்குக்கூட நேரம் பாத்துத்தான் அனுப்பினேன். நானே என் கையால..."

"அவ அதுல போகலைம்மா. வெறும் எழுத்து."

"உனக்கு எழுத்து."

மலைப்பாதைத் திருப்பத்தில் ஜீப்பின் ஹாரன் நீளமாக ஒலித்தது. தேசப்பன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அவன்தான். வண்டிய நிறுத்திகினு இருக்கான்."

ஷோபனாவுக்குக் கெஞ்சத் தெரியாது, அன்று கெஞ்சினாள். "ஒரு நாள்மா. நாளைக்கு ரயில் ஏறட்டும். உங்க கால்ல விழறேன், தட்டுங்க."

புஷ்பலதா கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் முருகன் பேரைச் சொன்னாள். 1.45 என்று தட்டினாள். அனுப்பினாள். இரண்டு டிக் விழுந்த உடனே தேசப்பன் போனைப் பையோடு பிடுங்கிக்கொண்டு பிரசாதக் கடைப் பக்கம் நழுவினான். "அணைச்சு வை" என்று ஷோபனா சொன்னது அவன் காதில் விழுந்ததா இல்லையா, தெரியவில்லை.

பரசுராமன் செருப்பை உதறிவிட்டு மண்டபத்துக்குள் வந்தான். அம்மாவுக்குப் பக்கத்தில் ஷோபனாவைப் பார்த்ததும் நின்றான்.

"நீங்க எங்க இங்க?"

"உங்களைத் தேடித்தான் வந்தேன், அம்மா இங்க இருப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. தப்பு நடந்துபோச்சு சார்." ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள். "நேரக் கணக்கைத் தலைகீழாப் போட்டுட்டேன். லிஸ்பன் கணக்கு வேற, வியன்னா கணக்கு வேற, எல்லாத்தையும் குழப்பி உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். உங்க தங்கச்சி அங்கதான் இருக்கா."

"இன்னா சொல்றீங்க? அப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணா?"

பிரசாதக் கடையிலிருந்து தேசப்பன் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். தோளில் மஞ்சள் பை தொங்கியது. "மேடம் கணக்குல எப்பவுமே வீக்கு சார். டீக்கடையில மீதிச் சில்லறைகூட நான்தான் எண்ணி வாங்குவேன்."

"பொம்பளைகிட்ட வேலைய குடுத்தா இப்டித்தான்" என்றான் பரசுராமன். பன்னிரண்டு வருஷம் கட்டிக் காப்பாற்றிய பேர் ஷோபனாவுக்கு. அது மண்டபத்துத் தரையில் விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைவிட அவள் கண் அந்த மஞ்சள் பையில்தான் இருந்தது.

"இப்ப அவகிட்டயே கேட்டுடறேன்." பரசுராமன் போனை எடுத்துத் தங்கையின் எண்ணை அழுத்தினான்.

புஷ்பலதாவின் கை புடவைத் தலைப்பைச் சுருட்டியது. தேசப்பன் புளியோதரையை வாயில் போட்டு மென்றான். பையிலிருந்து ஒரு முனகல் வந்தாலும் இரண்டு உயிர், இல்லை, மூன்று உயிர். பரசுராமன் போனைக் காதில் வைத்தபடி அம்மாவின் மடியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் இருந்த தூணைக்கூடப் பார்த்தான்.

"சுவிட்ச் ஆஃப்" என்றான் கடைசியில்.

"ஏர்போர்ட்ல சோதனைக்கு வரிசையில நிப்பா. மெசேஜ் வந்திருக்கான்னு பாருங்க" என்றாள் ஷோபனா.

அவன் பார்த்தான். படித்தான். மறுபடி படித்தான். நெற்றி சுருங்கியது. விரலை மடக்கி என்னவோ கணக்குப் பார்த்தான்.

"ஒண்ணே முக்காலா? இன்னைக்கா?"

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். புஷ்பலதாவால் அந்த நேரத்தில் நடிக்க முடிந்திருக்காது, நடிக்கவும் இல்லை. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"பாரும்மா, பாத்துக்கோ, நீ வளத்த லட்சணத்த!" என்று கத்தினான். அர்ச்சனைத் தட்டோடு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ராகு காலத்துல ஏர்றா. நம்ம வூட்ல எவனாச்சும் இப்டிக் கெளம்புவானா? நீதான் அவளுக்கு ஒத்தாசையா இதெல்லாம் தட்டிகினு இருக்கியோன்னு நெனச்சி வந்தேன். உன் கை இதைத் தட்டியிருக்காது. அவதான். அங்கதான் திமிரெடுத்து சுத்திகினு இருக்கா."

போனில் தெலுங்கில் யாரிடமோ எரிந்து விழுந்தான். வண்டியைத் திருப்பச் சொல்கிறான் என்று தேசப்பன் ஷோபனாவுக்குக் கண்ணால் சொன்னான். ஹெல்சின்கி எங்கே இருக்கிறது, அங்கே யாரைப் பிடிப்பது என்று முணுமுணுத்தபடி பரசுராமன் செருப்பைத் தேடிக்கொண்டு போனான். ஜீப் உறுமிக்கொண்டு இறங்கும் சத்தம் தேய்ந்து மறையும் வரை மூவரும் அசையவில்லை.

"நாளைக்கு ரயில் ஏத்திவிட நாங்க ரெண்டு பேரும் வர்றோம்" என்றாள் ஷோபனா. "இன்ஸ்பெக்டரும் வருவாரு. அவளுக்குச் சொல்லிடுங்க."

புஷ்பலதா தலையாட்டினாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. மண்டபக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அந்த ஃப்ளைட்டு கெளம்ப இன்னும் நேரம் இருக்குதா?"

"நம்ம ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் ஆறே காலுக்கு. ஏம்மா?"

"பத்திரமா எறங்கிடும் இல்ல?"

"அம்மா, அதுல உங்க பொண்ணு இல்லை."

"தெரியும்மா" என்று புஷ்பலதா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வேற யாரு பெத்த பொண்ணாச்சும் அதுல போவா இல்ல?"